சி.இ. முத்திரை உங்களைக் காப்பாற்றாது

கேள்வி: உதகையில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். சென்னை மொத்த வியாபாரியிடம் வெளிநாட்டில் தயாரான 60 ரூம் ஹீட்டர்கள் வாங்கினேன். எல்லாவற்றிலும் ஐரோப்பியச் சந்தைக்கான சி.இ. முத்திரை உண்டு, சர்வதேசத் தரப்படி சோதித்த அறிக்கையும் இருக்கிறது. 22 விற்றுவிட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை என்று மீதி 38-ஐயும் அதிகாரிகள் கைப்பற்றிவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர் பொறாமையில் போட்ட புகார் இது. உலகமே ஏற்ற தரத்தை இங்கே மறுபடி சோதிக்கச் சொல்வது பெரிய கம்பெனிகளைக் காப்பாற்றத்தானே? நீதிமன்றத்தில் ஒரு கை பார்க்க நினைக்கிறேன்.

பதில்: புகார் கொடுத்தவரை மறந்துவிடுங்கள். அவர் பொறாமைப்பட்டார் என்று நிரூபித்தாலும் உங்கள் வழக்கு ஓர் அங்குலம்கூட நகராது. நீதிபதி கேட்கப்போவது ஒன்றைத்தான்: அந்த ஹீட்டரில் செல்லத்தக்க உரிமத்தின் கீழ் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததா? இல்லை. 2003ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து ரூம் ஹீட்டருக்கு அது கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016-இன் 17ஆம் பிரிவு, முத்திரையின்றி விற்பதோடு விற்பனைக்காக வைத்திருப்பதையும் தடை செய்கிறது.

சர்வதேசத் தரத்தை இந்தியா புறக்கணிக்கவில்லை. மின்சாதனங்களுக்கான நம் தரங்கள் பெரும்பாலும் அதை ஒட்டியே எழுதப்பட்டவை. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தமும் சர்வதேசத் தரங்களையே அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது; ஆனால் தட்பவெப்பமும் நில அமைப்பும் காரணமாக அவை பொருந்தாத இடத்தில் விலகவும் இடம் தருகிறது. இது நம் ஊருக்கே பொருந்தும். மின்காப்பு இடைவெளிகளுக்கான, அதாவது மின்சாரம் தாவாதபடி பாகங்களுக்கு நடுவே விடும் இடைவெளிகளுக்கான, சர்வதேசத் தரம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரம் வரைக்குமானது. அதற்கு மேல் காற்று மெலிந்து மின்சாரம் எளிதில் தாவும் என்பதால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது.

இதைவிட முக்கியம், பொறுப்பேற்க இங்கே ஓர் ஆள் வேண்டும் என்பது. இத்தகைய சாதனங்களில் சி.இ. என்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே அளிக்கும் உறுதிமொழி. ஐ.எஸ்.ஐ. உரிமம் தொழிற்சாலைக்குத் தரப்படுகிறது: அங்கே ஆய்வு உண்டு, கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பதும் உண்டு. வெளிநாட்டுத் தொழிற்சாலையானால் இந்தியாவில் பிரதிநிதி ஒருவரை நியமித்தாக வேண்டும். இப்படி ஓர் ஆள் இல்லாத சரக்கை நீங்கள் விற்றிருக்கிறீர்கள். ஆகவே அந்த இடத்தில் இப்போது நீங்களே நிற்கிறீர்கள்.

எனக்குக் கவலை தருவது சீல் வைத்த 38 அல்ல, வெளியே போன 22. என்னிடம் வழக்குக்காக வந்த கட்சிக்காரர் ஒருவர் இதேபோல் விற்ற ஹீட்டரின் பிளக்கை என் மேசைமேல் வைத்தார். நம் சுவரில் நுழையாத ஐரோப்பிய பிளக். அதற்கு மலிவான அடாப்டர். எர்த் இணைப்பே இல்லை. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். செருகியிருந்ததோ 6 ஆம்பியர் சாக்கெட்டில். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி, பிளக்கின் உலோக முனைகளோடு ஒட்டிக் கிடந்தது. மரத்தளம் போட்ட காட்டேஜ் அது. விருந்தினர் விழித்துக்கொண்டதால் உயிர் பிழைத்தார்.

அங்கே உயிர் போயிருந்தால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 86ஆம் பிரிவைப் படியுங்கள். தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவரிடம் நோட்டீஸைச் சேர்ப்பிக்க முடியாவிட்டாலோ, இழப்பீட்டுப் பொறுப்பு விற்றவர் தலையில் விழும். "நான் வெறும் கடைக்காரன்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

இன்னொரு பள்ளமும் உண்டு. ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரை வாங்கி ஒட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒட்டிவிட்டால் நீங்கள் தெரியாமல் செய்தவர் அல்ல, ஏமாற்றியவர். அதன் பிறகு என்னாலும் உதவ முடியாது.

முத்திரையின்றி விற்ற முதல் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே. அபராதம் சரக்கு மதிப்பின் பத்து மடங்கு வரை போகலாம். ஆனால் முதல் குற்றத்தை 33ஆம் பிரிவின் கீழ் தொகை கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளலாம். முடித்துக்கொள்ளுங்கள். சண்டை போட உங்களிடம் சட்டம் இல்லை. மொத்த வியாபாரியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பது தனி வழக்கு. முறையான பில் இருந்தால் மட்டும் அதைப் பேசலாம்.

அதற்கு முன்பே, வாங்கிய 22 பேரையும் தேடிப் பிடித்து, பணத்தைக் கொடுத்து ஹீட்டரைத் திரும்ப வாங்குங்கள். ஒவ்வொருவரிடமும் கையெழுத்துப் பெறுங்கள். வந்தவற்றை 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனியே வைத்து, அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். உறைபனி இறங்கி அவர்கள் சுவிட்சைப் போடுவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும்.