இல்லாத மிருகத்துக்கு எப்படிச் சிலை செய்வது?

"நிஜ விலங்குகளைக் கலந்து ஒரு கற்பனை விலங்கைக் களிமண்ணில் செய்ய ஆசை. எப்படிச் செய்தாலும் ஒட்டுப்போட்ட பொம்மை மாதிரியே வருகிறது, எங்கே தப்பு?" என்பது கேள்வி.

நான் சிற்பி இல்லை. பென்னாகரம் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர். மண் பிசைவது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ஒட்டுப்போட்ட பொம்மையை நானும் செய்திருக்கிறேன். மயில் கழுத்து, ஆட்டுக் கொம்பு, முதலை வாய், போதாக்குறைக்கு ஒரு தும்பிக்கை. செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தது. கழுத்து ஒரு பக்கம் போகிறது, கால் ஒரு பக்கம் போகிறது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு வருபவரிடம் முதலில் கேட்பது "தீனி எடுக்குதா?" என்றுதான். ஒருநாள் அந்தப் பொம்மையைப் பார்த்தும் அதே கேள்வி வந்தது. இது எதைத் தின்னும்? பதில் இல்லை. புல் தின்பதென்றால் முதலை வாய் எதற்கு? மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, வெறும் தடித்த ஈறுதான். நாக்கால் சுருட்டி இழுத்துத்தான் புல்லை அறுக்கும். மீன் தின்பதென்றால் கூர்ப்பல் வேண்டும், தண்ணீரில் இறங்கத் தோதான கால் வேண்டும். தீனியை முடிவு செய்துவிட்டால் வாய், பல், கண், கால் எல்லாம் பாதி முடிவாகிவிடும். மேய்கிற மிருகத்துக்குக் கண் பக்கவாட்டில், வேட்டையாடும் பூனைக்கும் புலிக்கும் முன்னால். இதை மாற்றினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும்.

அடுத்தது, எலும்பு ஒரே மிருகத்துடையதாக இருக்கட்டும். கோயில் தூணில் நிற்கும் யாளியை இந்தக் கண்ணோடு பாருங்கள். சங்கப் பாடல்களில் யானையையே இழுத்துப்போகும் ஆளி வருகிறது. அவ்வளவு பழைய கற்பனை. ஆனால் கல்லில் அதன் இடுப்பு, தொடை, பாதம் எல்லாம் சிங்கத்தின் கணக்கு. தும்பிக்கை வைத்த யாளிக்கும் அது இருப்பது மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்தான். யானைக்கே தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டதுதானே. அதனால்தான் அது ஒட்டுப்போட்டதாகத் தெரிவதில்லை.

எலும்பு என்றதும் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் பின்னங்கால். மாட்டுக்கும் குதிரைக்கும் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று நினைத்துச் செய்கிறார்கள். அது முழங்கால் இல்லை, குதிகால். நிஜ முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது, நம்மைப்போல முன்னால்தான் மடங்கும். மாட்டின் பின்னங்காலை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தால் பத்துப் படம் பார்த்ததற்குச் சமம். (பின்னால் நிற்காதீர்கள்.)

என் இரண்டாவது மிருகத்துக்கு நீர்நாயை எடுத்துக்கொண்டேன். ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது ஒரு தடவை பார்த்ததிலிருந்து மனசில் இருந்தது. பாறை இடுக்கில் நண்டும் மீனும் தின்னும் பிராணி என்று வைத்துக்கொண்டேன். உடம்பு நீர்நாய், நகம் மட்டும் உடும்பு, பாறையைப் பற்றவேண்டுமே. முதுகில் அழுங்கின் (எறும்புத்தின்னியின்) செதில். அழுங்குக்கும் அடிவயிற்றில் செதில் கிடையாது, அதனால் வயிற்றை வழவழவென்று விட்டுவிட்டேன். படம் பார்த்துச் செய்தால் போதும். யாராவது நிஜச் செதில் தருகிறேன் என்றால் வாங்கிவிடாதீர்கள். அழுங்கும் உடும்பும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, ஒரு செதில் வைத்திருந்தாலும் கேஸ்தான்.

செதில் வைத்ததுதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. முதலில் கழுத்திலிருந்து தொடங்கி வால் பக்கம் போனேன். இரண்டாவது வரிசையிலேயே மாட்டிக்கொண்டேன். முன்வரிசையின் நுனியைத் தூக்கி அடியில் செருகவேண்டியிருந்தது, தூக்கினால் பிய்கிறது. ஓடு வேய்வதைப் போலத்தான் இதுவும். கூரையில் கீழ்விளிம்பில் தொடங்குவதுபோல வால்நுனியில் தொடங்கித் தலையை நோக்கி வரவேண்டும். உடம்பு வளைந்திருந்தால் வளைவின் வெளிப்பக்கம் செதில்கள் விலகும், உள்பக்கம் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் வைத்தால் அது சட்டை போட்ட நீர்நாய். ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் ஊசியால் கீறி, கூழாகக் கரைத்த மண் தடவி ஒட்டவேண்டும். நான் பாதிக்குச் சோம்பல்பட்டு வெறுமனே அழுத்திவிட்டேன். காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தன.

அப்புறம் சூளை. உள்ளே கம்பியோ குச்சியோ வைக்காதீர்கள். மண் காயக் காயச் சுருங்கும், கம்பி சுருங்காது, மண்தான் வெடிக்கும். நியூஸ் பேப்பரைப் பந்தாகச் சுருட்டி அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு மண் போர்த்தினால் பேப்பர் சூளையில் எரிந்துபோய் உள்ளே கூடாகிவிடும். அடியில் ஒரு துளை அவசியம். ஏரிமண்ணில் கொஞ்சம் மணலும் உமியும் கலந்துகொள்ளலாம்.

இதெல்லாம் தெரிந்தும் வாலின் அடிப்பகுதியை நாலு விரல் கனத்துக்குத் திண்ணமாக விட்டுவிட்டேன், பலமாக இருக்கட்டுமே என்று. அதியமான்கோட்டைப் பக்கம் மண்பானை செய்யும் பெரியவர் ஒருவர் தன் பானைகளோடு அடுக்கிச் சுட்டுத்தரச் சம்மதித்தார். வாலைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர், "சார், சில்லுனு இருக்குது. உள்ள ஈரம் போகல. இன்னும் பத்து நாள் கிடக்கட்டும்" என்றார். எனக்கு அவசரம். வெளியே வெள்ளையாகக் காய்ந்துவிட்டதே என்று வற்புறுத்தி வைக்கச் சொன்னேன். வறட்டி பிடித்து எரிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வாலைப் பிளந்திருக்கிறது. சில்லு தெறித்து அவருடைய இரண்டு பானைகளும் போயின. பானைக்குக் காசு கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் அவர் வீட்டு எருமைக்குக் குடற்புழு மருந்து ஊற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாவது இப்போது திண்ணையில் நிழலில் காய்கிறது. ஆடிக்காற்று ஒரு பக்கமாகவே அடிப்பதால் காதும் நகமும் முந்திக் காய்ந்துவிடுகின்றன. அவற்றுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றியிருக்கிறேன். தினமும் காலையில் வாலடியைக் கன்னத்தில் ஒட்டிப் பார்க்கிறேன். இன்றைக்கும் சில்லென்றுதான் இருந்தது.