பிரெஞ்சுப் புரட்சியில் பெண்கள் ரொட்டிக்காக மட்டுமா திரண்டார்கள்?

வணக்கம். "ரொட்டி கேட்டு வந்தவர்கள்தாமே, இதில் அரசியல் எங்கே?" என்று கேட்டு ஆய்வு வழிகாட்டி, பிரெஞ்சுப் புரட்சியில் பெண்களின் பங்கு பற்றிய உங்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள்.

1789 அக்டோபர் 5-ஆம் நாளை இன்னும் விரிவாக எழுதுங்கள் என்பதே என் யோசனை. அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் நகர மன்றக் கட்டடத்துக்குள் புகுந்து ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, மழையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நடந்து, மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாய் சென்று, அங்கே கூடியிருந்த மக்கள் பிரதிநிதிகளின் தேசியப் பேரவையின் இருக்கைகளிலேயே போய் அமர்ந்தார்கள். அதுவரை இழுத்தடித்துவந்த பதினாறாம் லூயி மன்னர், மனித உரிமைப் பிரகடனத்துக்கு அன்றிரவே இசைவளித்தார். மறுநாள் குடும்பத்தோடு பாரிசுக்கு அழைத்துவரப்பட்டார். மன்னரையே இடம்பெயர்த்த செயலை வெறும் பசிக் கூச்சல் என்று ஒதுக்குவது எளிதன்று.

பெண்ணுரிமைக்காகக் குரல்கொடுத்த எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜ் பற்றி எழுதுகையில் சற்றுக் கவனம் தேவை. 1791-இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதியதற்காகவே அவர் கொல்லப்பட்டார் எனப் பலரும் எழுதிவிடுகிறார்கள். எவ்வகை ஆட்சி வேண்டும் என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று கோரிய சுவரொட்டிதான் அவரைச் சிறைக்கும், 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டின் என்னும் தலைவெட்டும் இயந்திரத்துக்கும் அனுப்பியது.

அதற்குச் சில நாட்கள் முன்னர், அக்டோபர் 30 அன்று, புரட்சியாளர்களான போலின் லெயோனும் கிளேர் லகோம்பும் முன்னின்று நடத்திய சங்கம் உட்படப் பெண்களின் அரசியல் சங்கங்கள் யாவும் தடைசெய்யப்பட்டன. ரொட்டி மட்டுமே கேட்டவர்களுக்கு இப்படியொரு தடை எதற்கு என்ற கேள்வியை உங்கள் வழிகாட்டியிடமே கேட்கலாம்.