கண்டுமுதல் கொட்டிக் கிடக்கிறது, நெல்லை வியாபாரியிடம் போடலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். இந்தக் குறுவையில் எல்லோருக்கும் நல்ல விளைச்சல். கொள்முதல் நிலைய வாசலில் மூட்டைகள் மலையாகத் தேங்கிக் கிடக்கின்றன. என் சன்னரக நெல்லில் ஈரப்பதம் 20 என்று திருப்பிவிட்டார்கள். மழை வேறு மிரட்டுகிறது. வியாபாரி ஒருவர், “மூட்டை 1,150 ரூபாய், பணம் கையோடு” என்கிறார். கொடுத்துவிடலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று கேளுங்கள். அரசு நிலையத்தில் மூட்டை 40 கிலோ. வெளி வியாபாரத்தில் பெரும்பாலும் 60 அல்லது 62 கிலோ. அரசு கொடுப்பது மூட்டைக்கு ஆயிரத்துச் சொச்சம், இவர் 1,150 தருகிறாரே என்று நம் ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையோடு சேர்த்துச் சன்னரகம் குவிண்டால் 2,545 ரூபாய், சாதாரண ரகம் 2,500. அதாவது உங்கள் நெல் கிலோ 25 ரூபாய் 45 காசு. வியாபாரி 62 கிலோ மூட்டையைச் சொல்லியிருந்தால் அவர் விலை கிலோ பதினெட்டரை ரூபாய்தான். ஈரம் 20இலிருந்து நிலையம் ஏற்கும் 17க்கு வர, அந்த 62 கிலோ காய்ந்து ஏறக்குறைய 59 முக்கால் கிலோவாகும். அதற்கு நிலையத்தில் 1,520 ரூபாய் வரும். மூட்டைக்கு 370 ரூபாய் வித்தியாசம். ஆள் கூலி, தார்ப்பாய் வாடகை போனாலும் மிச்சம் உங்களுக்குத்தான்.

இரண்டு நாள் வெயில் கிடைத்தால் போதும். சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுங்கள். மழை வந்தால் மூடலாம், ஆனால் ஈர நெல்லை அம்பாரமாகவே விட்டுவைக்காதீர்கள். உள்ளே சூடேறி நிறம் மாறும், முளைக்கும். நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால், ஈரம் சரியாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். காய்ந்ததை மேலே போட்டு ஈரத்தை அடியில் வைக்கும் யோசனை வேண்டாம், மாதிரி எடுக்கும் குத்தூசி அடிவரை போகும்.

ஈரப்பதத் தளர்வு வரும் என்றும் காத்திருக்காதீர்கள். 2022இல் 19 வரை அனுமதித்தார்கள், உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் கடிதம் எழுதி, டெல்லியிலிருந்து குழு வந்து, மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடம் போய், உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. மேட்டூர் ஜூன் 12இல் திறந்துவிட்டால் செப்டம்பர், அக்டோபரில் நெல் வந்து குவியும் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாக்கும் லாரியும் கிடங்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய அரசுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

இன்னொன்று. இதை அழுத்திச் சொல்கிறேன். வியாபாரி அடுத்ததாக உங்கள் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (அதில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவு), ஆதார் நகலைக் கேட்பார். “சும்மா ஒரு பதிவுக்கு” என்பார். கொடுக்கவே கொடுக்காதீர்கள், செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் சொல்லாதீர்கள். மலிவாக வாங்கிய நெல்லைக் காயவைத்து, உங்கள் பெயரிலேயே அதே நிலையத்தில் போடத்தான் அந்தக் காகிதம். அப்புறம் உங்கள் சொந்த நெல்லோடு போகும்போது, உங்கள் பரப்புக்கு உண்டான நெல்லைப் போட்டாகிவிட்டது என்பார்கள். விசாரணை வந்தாலும் உங்கள் வங்கிக் கணக்கைத்தான் தோண்டுவார்கள்.

நிலத்துக்காரருக்கு இவ்வளவுதான். நீங்கள் குத்தகைதாரராக இருந்தால் கதை வேறு. சிட்டா நில உடைமையாளர் பெயரில் இருக்கும், அவர் சென்னையில் இருப்பார், அல்லது நிலம் கோவிலுடையதாக இருக்கும். வாய்மொழிக் குத்தகைக்குக் காகிதமே இருக்காது. குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969லேயே சட்டம் வந்தது. அதில் பெயர் ஏறியிருந்தால் அந்த நகலை எடுத்துப் போங்கள். இல்லையென்றால் பயிரை அறுப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரை வயலுக்கு அழைத்துக் காட்டி, சாகுபடி செய்பவர் நீங்கள் என்று அடங்கலில் எழுதச் சொல்லுங்கள். அறுத்த பிறகு போனால் “பயிர் எங்கே?” என்று கேட்பார், உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. உடைமையாளர் பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் அவர் கணக்குக்குப் போகும். அதைத் திரும்ப வாங்க நடையாய் நடப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குறுவைக்குத் தவறவிட்டிருந்தால் சம்பாவுக்காவது இப்போதே அடங்கலைச் சரிசெய்யுங்கள்.

எடை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சாக்கு எடை போக 40 கிலோ, அதற்கு மேல் ஒரு பிடியும் கூடாது. தூற்ற, தைக்க, ஏற்ற என்று மூட்டைக்கு இவ்வளவு கொடு என்று யார் கேட்டாலும் ரசீது கேளுங்கள். தர மறுத்தால் தேதியும் மூட்டைக் கணக்கும் எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.