18 வயது முடிந்த ஆட்டிசம் மகன்: வங்கி கேட்கும் பாதுகாவலர் சான்றிதழ்

ஆட்டிசம் உள்ள மகனுக்கு 18 வயது முடிந்ததும் வங்கி பாதுகாவலர் சான்றிதழ் கேட்கிறது, அதற்குக் கொடுத்த மனுவும் திரும்பி வந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. வங்கி கேட்கும் சான்றிதழை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவே தரலாம். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம், 14-ஆவது பிரிவு.

18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. இதுவரை செல்லுபடியான உங்கள் கையெழுத்தை வங்கி இப்போது மறுப்பது அதனால்தான். மேலாளரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

மனுவைக் காரணம் சொல்லாமல் திருப்பித் தந்தார்கள் என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் மாற்றுத்திறன் சான்றிதழ் மேல்தான். இந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்.

1. அந்தச் சான்றிதழில் குறைபாட்டின் வகை என்ன என்று பாருங்கள். மனநோய் என்றோ கற்றல் குறைபாடு என்றோ மட்டும் இருந்தால் மனு நிற்காது.

2. அப்படியிருந்தால் அரசு மருத்துவக் குழுவிடம் மறுமதிப்பீடு கேளுங்கள். அப்புறம் மனு.

வகை சரியாக இருந்தால், திருப்பியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி அலைய வேண்டாம். கையோடு தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடான நிராமயாவையும் விசாரியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, அதற்குப் பாதுகாவலர் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும்: மகன் பெயரில் சொத்து இருந்தால், நியமனம் ஆன 6 மாதத்துக்குள் அதன் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் கணக்கையும் பாதுகாவலராக நீங்கள் அந்தக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.