கடலோரத்தில் கேட்டவை: வலையை அறுத்தவன் ஏமாளியா?

கேள்வி: என் மகன் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். போன மாதம் வலையில் மாட்டிய பெரிய புள்ளிச்சுறாவை விடுவிக்க வலையையே அறுத்துவிட்டு வந்தான். ஊரில் ஏமாளி என்கிறார்கள். அவன் செய்தது சரிதானா? *(ஒரு தாய், நீரோடி)*

பதில்: சரிதான், அம்மா. அவன் விட்டது அம்மணி உழுவை, அதாவது திமிங்கலச் சுறா. பக்கத்துப் பொழியூரில் கேட்டால் உடும்பன் ஸ்ராவு என்பார்கள். மீன்களில் இதைவிடப் பெரியது கிடையாது. ஆனால் அவ்வளவு பெரிய வாய் வடிகட்டித் தின்பதெல்லாம் கூனிப்பொடி, மீன்முட்டை, சிறு மீன் போன்றவைதான்.

நான் இதை முதலில் பார்த்தது நம் கடலில் அல்ல. 1990-களில் படகு வேலைக்காக குஜராத்தின் வெராவலுக்குப் போயிருந்தபோது, கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஈரல் எண்ணெய் மரப்படகுக்குப் பூச, இறைச்சி ஏற்றுமதிக்கு. வெயிலில் தோல் காயக் காய வெள்ளைப் புள்ளிகள் மங்கிக்கொண்டே வந்தன. எனக்குப் பரிதாபம் வரவில்லை. இதை வெட்டப் போனால் எவ்வளவு கூலி தேறும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

2001-இல் புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணையில் இதையும் சேர்த்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்ற முதல் மீன் இதுதான். பிறகு குஜராத்தின் ராமகதைச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இது என்று ஊர் ஊராகப் பேசினார். நான் கூலிக் கணக்குப் போட்ட அதே வெராவலில் இன்று வலையை அறுத்து விடுகிறார்கள். அறுந்த வலைக்கு குஜராத் வனத்துறை நிவாரணமும் கொடுக்கிறது.

ஊராரையும் குறை சொல்ல மாட்டேன். வலை போனவனுக்குத்தான் அதன் விலை தெரியும். அடுத்த முறை அறுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனுவோடு மீன்வளத்துறைக்குப் போகலாம். வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. தண்ணீரில் வைத்தபடியே தலைப்பக்கமாக அறுக்க வேண்டும். வால் பக்கம் யாரும் இறங்க வேண்டாம், அது வாலால் ஒருமுறை அடித்தாலே போதும்.

கேள்வி: ஜூன் முதல் வாரம் தேங்காப்பட்டணத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன, கேரளத்து நீண்டகரையில் ஓடுகின்றன. ஒரே கடலுக்கு இரண்டு சட்டமா? *(வாசகர், மார்த்தாண்டம்)*

பதில்: மூன்று என்று சொல்லுங்கள். நம் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கேரளம் தன் எல்லைக்குள் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள்தான் தடுக்கிறது. நம் குமரி மாவட்டத்திலேயே சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் சேர்வதால், அங்கே ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். 12 கடல் மைலுக்கு அப்பால் இந்தப் பக்கம் முழுவதும் மத்திய அரசின் 61 நாள். மீனுக்குக் களியக்காவிளை சோதனைச்சாவடி தெரியாது. அந்த ஒன்பது நாள் வித்தியாசத்தை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

கேள்வி: குளச்சலில் வாங்கிய சிப்பியில் நார் நாராக இருக்கிறதே, அழுக்கா? *(வாசகி, நாகர்கோவில்)*

பதில்: அழுக்கல்ல. அலை அடித்துப் போகாமல் பாறையைப் பிடித்துக்கொள்ளச் சிப்பியே சுரக்கும் நார் அது. சமைக்கும் முன் இழுத்து எடுத்துவிடுங்கள். வாய் திறந்து கிடந்து, தட்டினாலும் மூடாததைத் தூர எறியுங்கள். வறுத்தரைத்துக் குழம்பு வைப்பதா, பொரிப்பதா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். என் வீட்டிலேயே இரண்டு கட்சி.