பழைய 250 வாட்ஸ் பேனலோடு புது 540-ஐ ஒரே லைனில் சேர்க்கலாமா?

பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "கூரையில் 250 வாட்ஸ் பேனல் 12, மூன்று கிலோவாட் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. 540 வாட்ஸ் பேனல் நான்கை அதே லைனில் சேர்த்தால் ஐந்து கிலோவாட் ஆகிவிடும் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமுங்களா?"

வேண்டாமுங்க. மூன்று கிலோவாட் இன்வெர்ட்டர் மூன்றுக்கு மேல் தராது. அந்தக் கணக்கே முதலில் பொய்.

உங்கள் பேனல்கள் அனேகமாக ஒன்றன்பின் ஒன்றாக, சீரீஸில் கோத்திருக்கும். சீரீஸில் எல்லாப் பேனலிலும் ஒரே ஆம்பியர்தான் ஓடும். பழையது 8 ஆம்பியர் சொச்சம், புதியது 13. சேர்த்துக் கோத்தால் புதியதும் 8-க்கு இறங்கும். 540-க்குப் பணம் கட்டி 360 வாட்ஸ் அளவுக்குத்தான் எடுப்பீர்கள்.

அதைவிட ஆபத்து வோல்டேஜ். லோடு இல்லாதபோது பழையது ஒவ்வொன்றும் சுமார் 37 வோல்ட், புதியது 49. கூட்டினால் 640. இந்த அளவு இன்வெர்ட்டர்கள் பலவற்றுக்கு 600-தான் உச்சம், சிலவற்றுக்கு இன்னும் குறைவு. குளிரில் வோல்டேஜ் மேலும் ஏறும். மார்கழிக் காலையில் இன்வெர்ட்டர் போனால் வாரன்டியும் கேட்க முடியாது. சரி, புதியதைத் தனி வரிசையாகக் கோத்து, பழைய வரிசைக்குப் பக்கவாட்டில், பேரலலில் கொடுக்கலாமே என்பார்கள். பழைய வரிசை 360 வோல்ட்டில் ஓடும்; நான்கு பேனலால் 200-ஐக்கூட எட்ட முடியாது. கரன்ட் அந்த நான்குக்குள்ளேயே திரும்பிப் பாயும்.

இந்த ஏஜென்ட்டுகளுக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ் கூட்டல்தான். வேறு சைட்டில் மிஞ்சிய சரக்கைத் தள்ளிவிட உங்கள் கூரை கிடைத்தது. கண்ணாடிக்குள் இருக்கும் சீரியல் எண்ணும் பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். "ஈ.பி.க்குச் சொல்ல வேண்டாம், சத்தமில்லாமல் மாட்டிக்கலாம்" என்றும் சொல்வார்கள். விண்ணப்பம் மேசை மேசையாக நகரும் சலிப்பில்தானே நம் ஆட்களும் தலையாட்டுகிறார்கள்! இரண்டு கிலோவாட் சேர்க்க நினைப்பவரை இப்படி அலையவிட்டால் ஏஜென்ட்தான் பிழைப்பான். ஆனாலும் பதியாமல் மாட்டாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. மட்டை விழுந்து பழைய பேனல் ஒன்று உடைந்துவிட்டது, 250 வாட்ஸ் இப்போது கிடைக்கவில்லை என்று வையுங்கள். அப்போது வாட்ஸைப் பார்க்காதீர்கள், பின்பக்க லேபிளில் 'ஐஎம்பி' என்ற ஆம்பியரைப் பாருங்கள். பழையதற்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருந்தால் மாட்டலாம். 72 செல் கொண்ட 325 வாட்ஸ் பேனல் ஏறக்குறைய 8.7 ஆம்பியர்தான், வாட்ஸ் கூடுதலாக இருந்தாலும் இதே வரிசையில் ஒழுங்காக ஓடும். ஆம்பியர் குறைந்ததை மாட்டினால் மற்ற 11 பேனலையும் அது இழுத்துவிடும். மாட்டும் முன் மொத்த வோல்டேஜையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

உங்களுக்கு வழி, புது நான்குக்கும் தனி இன்வெர்ட்டர். இல்லாவிட்டால் இரண்டு எம்பிபிடி (ஒரு பேனல் வரிசையிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தை எடுக்கும் தனி இணைப்பு) உள்ள ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டராக மாற்றி, பழையதை ஒன்றிலும் புதியதை மற்றதிலும் கொடுங்கள். அந்த எம்பிபிடி 13 ஆம்பியருக்கு மேல் தாங்குமா, நான்கு பேனலின் 165 வோல்ட்டில் வேலை செய்யுமா என்று பார்த்தபின் அட்வான்ஸ் கொடுங்கள்.