யாரைப் பழிவாங்கினார்?

கேள்வி: நம்மை 200 ஆண்டுகள் சுரண்டிய வெள்ளைக்காரனின் ஸ்டோக் பார்க் மாளிகையையே முகேஷ் அம்பானி விலைக்கு வாங்கிவிட்டார். இதைவிடச் சரியான பழிவாங்கல் உண்டா?
– வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: யாரைப் பழிவாங்கினார்? 2021-இல் 5.7 கோடி பவுண்டை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்களே, அவர்களையா? அப்படி என்னையும் யாராவது பழிவாங்கினால் தேவலை.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷரில் உள்ள அந்த எஸ்டேட் கைமாறுவது புதிதல்ல. 1601-இல் அங்கே எலிசபெத் ராணிக்கு விருந்து வைத்தவர் எட்வர்ட் கோக் என்ற சட்டப்புலி. 1760-இல் அதை வாங்கியவர் தாமஸ் பென். அமெரிக்காவின் பென்சில்வேனியா இவர் குடும்பச் சொத்தாக இருந்தது. சொத்து பெருகிய விதத்தைக் கேளுங்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை நிலம் எங்களுக்கே என்று, லெனாபி பழங்குடியினரிடம் ஒரு பழைய ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 1737-இல் அளக்கிற நாளும் வந்தது. வேகமாக ஓடக்கூடிய 3 பேரைப் பொறுக்கி எடுத்து, பாதையையும் முன்கூட்டியே வெட்டிச் சீர்செய்து வைத்திருந்தார்கள். நடக்க வேண்டியவர்கள் ஓடினார்கள், நிலம் போயிற்று. பிறகு அமெரிக்கா விடுதலை பெற்றதும் பென் குடும்பத்தின் நிலமும் பெரும்பாலும் பறிபோனது. ஆனால் அவர்களுக்கு 1,30,000 பவுண்டு நஷ்டஈடு உண்டு! தாமஸின் மகன் ஜான் அந்தப் பணத்தைக் கொண்டு எழுப்பியதுதான் நீங்கள் சொல்லும் ஸ்டோக் பார்க் மாளிகை.

அப்புறம் இரண்டு மூன்று கை மாறி, 1887-இல் வில்பர்ஃபோர்ஸ் பிரையன்ட்டிடம் வந்தது. பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டிக் கம்பெனிக் குடும்பம். கோவில்பட்டிக்காரருக்கு மேலே சொல்லவே வேண்டியதில்லை. மறு ஆண்டே அந்தக் கம்பெனியின் லண்டன் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 16 வயதுப் பெண்ணுக்கு வாரக் கூலி 4 ஷில்லிங் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). கால் அழுக்காக இருந்தால் அதில் 3 பென்ஸ் அபராதம். பங்குதாரர்களுக்கோ 23 சதவீத டிவிடெண்ட். இதையெல்லாம் எழுதி அம்பலமாக்கியவர், பின்னாளில் நம் அடையாறுக்கு வந்து குடியேறிய அன்னி பெசன்ட்தான்.

'வெள்ளைக்காரன்' என்று நீங்கள் மொத்தமாகப் போடும் கணக்கில் அந்தத் தீப்பெட்டிப் பெண்ணும் சேர்ந்துவிடுகிறாள். அவளை எதற்காகப் பழிவாங்க வேண்டும்? 1908-இல் அந்த இடம் கோல்ஃப் கிளப் ஆனது. ஹோட்டல் தொழிலை விரிவாக்க வாங்குகிறோம் என்று ரிலையன்ஸே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பில் காலனி ஆட்சியும் இல்லை, கோவில்பட்டியும் இல்லை.

சரி, அந்தப் பக்கம் போனால் மாளிகையின் கேட்டில் போய் நிற்காதீர்கள். ஜான் பென் 1799-இல் கவிஞர் தாமஸ் கிரேக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அருகிலேயே இருக்கிறது. அது பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் சொத்து. உங்களை உள்ளே விடுவார்கள்.